ஸ்பானிஷ் மேஜர்: கையெழுத்துப் போடுமுன்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்குச் சேரும் மாணவர் தன் பாடம் எது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டாம் ஆண்டின் முடிவுவரை அவகாசம் உண்டு. அதற்குள் மேஜர் (முதன்மைப் பாடம்) எது, மைனர் (துணைப் பாடம்) எது என்று ஒரு படிவத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் கட்டத்தில் ‘ஸ்பானிஷ்’ என்று எழுதுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நாட்டில் நாலு கோடிப் பேருக்கு மேல் வீட்டில் பேசும் மொழி, இதைப் படித்தவருக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பி நான்கு ஆண்டுகளையும் பல்லாயிரம் டாலர்களையும் ஒப்படைக்கிறவர்கள் சில கணக்குகளை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியிலேயே ஸ்பானிஷ் எடுத்துவிடுகிறார்கள். கல்லூரி நிலைப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து எழுதும் ஏ.பி. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். “பாதிக் கிணறு தாண்டியாச்சு, மிச்சத்தையும் முடிச்சு ஒரு மைனர் வாங்கிடலாமே” என்று பெற்றோரும் சொல்கிறார்கள். அந்தப் பாதி எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

முதலில் மணிக்கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசுவோருக்கு எளிதான மொழிகள் என்று அது வகுத்திருக்கும் முதல் தொகுப்பில் ஸ்பானிஷ் இருக்கிறது. அந்த ‘எளிய’ மொழிக்கே 30 வாரம் ஒதுக்குகிறார்கள். வாரத்துக்குச் சுமார் 25 மணி நேரம் வகுப்பு, அதற்குமேல் வீட்டுப் பாடம். பெருக்கினால் 750 மணி நேரம் வருகிறது. படிக்க வருகிறவர்கள் அதற்காகவே சம்பளம் வாங்கும் பெரியவர்கள். வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் ஆட்கள். இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் எட்டவேண்டிய இலக்கு, தம் உத்தியோகத்தை அந்த மொழியில் தடுமாறாமல் நடத்துவது. இலக்கிய மேதைமையை யாரும் அவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை.

இதோடு பல்கலைக்கழகக் கணக்கை ஒப்பிடலாம். ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, ஏறத்தாழ 15 வாரத்துக்கு. மைனர் என்றால் இடத்துக்கு இடம் 15 முதல் 21 கிரெடிட் வரை. 18 என்று வைத்துக்கொண்டால் 270 மணி நேரம். மேஜருக்கு 30 முதல் 36 வரை. 33 என்று வைத்தால் 500 மணி நேரத்தைத் தொடவில்லை. அதாவது மைனர் முடித்தவர் வெளியுறவு அதிகாரி வகுப்பில் உட்கார்ந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார், மேஜர் முடித்தவர் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட வகுப்பில். 50 நிமிட வகுப்பில் ஆசிரியர் பேசிய நேரத்தைக் கழித்துவிட்டு மீதியை மாணவர்களுக்குப் பங்கு வைத்தால் தலைக்கு எத்தனை நிமிடம் பேசக் கிடைக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பள்ளியில் படித்ததைச் சேர்த்தால் நேரம் கூடாதா என்று கேட்கலாம். கூடும். ஆனால் அங்கேதான் ஒரு வலை இருக்கிறது. நுழைவின்போது நடக்கும் நிலைத் தேர்வில் மேல்வகுப்புக்குத் தகுதி பெற்று, அந்த வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பவருக்குக் கீழ்வகுப்புகளின் கிரெடிட்டையும் பின்தேதியிட்டு வழங்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. கட்டணம் மிச்சம் என்பதால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பட்டியலில் 18 கிரெடிட் இருக்கும். பல்கலைக்கழகத்தில் உண்மையில் உட்கார்ந்து படித்தது அதில் பாதியாக இருக்கலாம். சான்றிதழில் இந்த வித்தியாசம் எங்கும் தெரியாது. நேர்முகத் தேர்வில் மட்டும் தெரிந்துவிடும்.

இந்த 500 மணி நேரமும் மொழிப் பயிற்சி என்று எண்ணிக்கொள்வதும் தவறு. மேஜரின் முதல் இரண்டு ஆண்டுகள்தான் இலக்கணம், பேச்சு, எழுத்து. அதன்பின் ஸ்பெயினின் இலக்கிய வரலாறு, லத்தீன் அமெரிக்க இலக்கிய வரலாறு, மொழியியல் அறிமுகம், பண்பாட்டு ஆய்வு என்று பாதை திரும்பிவிடும். நவீன மொழிகள் சங்கம் 2007ல் வெளியிட்ட அறிக்கையே இந்த இரட்டை அடுக்கைக் குறை சொன்னது. கீழ்வகுப்பில் மொழி கற்பிப்பவர்கள் தற்காலிக விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும். மேல்வகுப்பில் இலக்கியம் நடத்துபவர்கள் நிரந்தரப் பேராசிரியர்கள். இரண்டு தளத்துக்கும் இடையே படிக்கட்டு சரியாக இல்லை. துறையின் சொந்தச் சங்கம் சொன்னது இது, வெளியாள் சொன்ன குற்றச்சாட்டு அல்ல. செர்வான்டிஸைப் படிப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ‘டான் கிஹோத்தே’யை மூலத்தில் வாசிக்க முடிந்தவர் பாக்கியசாலி. அந்த வாசிப்புக்காகவே மேஜர் எடுப்பவரிடம் இந்தக் கட்டுரைக்குச் சொல்ல எதுவும் இல்லை. தெரிந்தே எடுக்கிறார். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் பேச உதவும் என்று நம்பி 17ஆம் நூற்றாண்டு நாடகங்களில் மூன்று செமஸ்டர் கழிப்பவருக்குத்தான் எச்சரிக்கை.

மேஜர் முடித்தவர்கள் உண்மையில் எவ்வளவு பேசுகிறார்கள்? இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1967ல் ஜான் கேரல் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரிகள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றில் மொழி மேஜர் இறுதியாண்டு மாணவர்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். நடுவில் நிற்கும் மாணவரின் பேச்சுத் திறன், வெளியுறவுத் துறை ‘தொழிலுக்குப் போதும்’ என்று வைத்திருந்த நிலைக்குக் கீழேயே நின்றது. அந்த மொழி வழங்கும் நாட்டில் தங்கிவந்தவர்கள் தனித்துத் தெரிந்தார்கள். 2003ல் எல்விரா ஸ்வெண்டர் என்ற ஆய்வாளர் ஐந்து கல்லூரிகளின் மொழி மேஜர் மாணவர்களுடைய நேர்முகப் பேச்சுத் தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். ‘உயர்நிலை’ என்ற படியை எட்டியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் கேசட் வந்தது, கணினி வந்தது, பாடநூல்கள் வண்ணத்தில் வந்தன. நிலைமை பெரிதாக நகரவில்லை.

அந்த ‘உயர்நிலை’ ஏன் முக்கியம் என்றால், பள்ளி ஆசிரியராகப் போகிறவருக்கு அதன் கீழ்ப்படியையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சித் திட்டங்களுக்கு வகுக்கப்பட்ட தரம். பல மாநிலங்கள் உரிமம் கொடுக்க இதையே கேட்கின்றன. ஆகவே நாலு வருடம் படித்துப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஸ்பானிஷ் ஆசிரியர் வேலைக்கு வேண்டிய ஸ்பானிஷ் இல்லாமல் நிற்பது அபூர்வமான விபத்து அல்ல.

இதைச் சொன்னவுடன் ‘அமெரிக்காவில் ஸ்பானிஷ் ஆசிரியருக்குத் தட்டுப்பாடு’ என்ற பதில் வரும். தட்டுப்பாடு உண்மைதான். அந்த இடங்கள் எப்படி நிரம்புகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் கல்வி அமைச்சகம் 1986 முதல் தன் நாட்டு ஆசிரியர்களை வருகை ஆசிரியர்களாக அமெரிக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. சில ஆண்டுகள் தங்க விசா கிடைக்கிறது. தாய்மொழியாளர், பயிற்சி பெற்றவர், அனுபவமும் உண்டு. பள்ளி நிர்வாகம் அவரை விட்டுவிட்டு இப்போதுதான் பட்டம் வாங்கியவரை எடுக்க வேண்டுமானால் அதற்கு வலுவான காரணம் வேண்டும். எதிர்த்திசையில் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. ஸ்பானிஷ் மேஜர் முடித்த அமெரிக்க இளைஞர்கள் பலருக்கு முதல் வேலை ஸ்பெயினின் அரசுப் பள்ளிகளில் மொழி உதவியாளர் பணி. அங்கே அவர்கள் வகுப்பில் பேசவேண்டியது ஆங்கிலம். உதவித்தொகை, போகும் பிரதேசத்தைப் பொறுத்து, மாதம் ஆயிரம் யூரோவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். ஓராண்டு ஊர் சுற்றிப் பார்த்து மொழியைத் தீட்டிக்கொள்ள அருமையான ஏற்பாடு. அதைத் தொழில் என்று குறித்துக்கொள்வதுதான் பிழை.

மொழிபெயர்ப்பும், பேச்சை வாய்மொழியாகவே பெயர்த்துச் சொல்லும் உரைபெயர்ப்பும்தான் அடுத்த நம்பிக்கை. இங்கே எண்கள் சட்டென்று குளிர்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு தொழிலும் அடுத்த பத்தாண்டில் எவ்வளவு வளரும் என்று கணித்து வெளியிடுகிறது. 2020 முதல் 2030 வரை இந்தத் தொழில் 24 விழுக்காடு வளரும் என்றது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்களோ தெரியாது. 2022 முதல் 2032 வரைக்கான கணிப்பு 4 விழுக்காடாக இறங்கியது. 2023 முதல் 2033 வரைக்கு 2 விழுக்காடு. சம்பளம் மோசமில்லை: 2023ல் இடைநிலை ஆண்டு வருமானம் 57,090 டாலர், நாட்டின் எல்லாத் தொழில்களின் இடைநிலையைவிட அதிகம். புதிய நாற்காலிகள்தான் போடப்படவில்லை.

காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. 2016 நவம்பரில் கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையை நரம்பணு வலைப்பின்னல் முறைக்கு மாற்றியபோது முதல் சுற்றில் இருந்த எட்டு மொழிகளில் ஸ்பானிஷ் ஒன்று. ஆங்கிலமும் ஸ்பானிஷும், இணையத்தில் இரு மொழியிலும் எழுத்து மலைபோல் கிடக்கும் இணை. எந்திரம் முதலில் நன்றாகக் கற்றுக்கொள்வதும் இத்தகைய இணையைத்தான். ஒரு மொழி எவ்வளவு பரவலாக இருக்கிறதோ அவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டவர்கள், அதே பரவல் எந்திரத்துக்கும் தீனி என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உயர்கல்வி நிலையங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. கலிபோர்னியாவின் மான்டரே நகரில் 1955ல் தொடங்கப்பட்ட நிறுவனம், பின்னாளில் மிடில்பரி கல்லூரியின் கீழ் வந்தது. மொழிபெயர்ப்பாளர்களையும் மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களையும் உருவாக்குவதில் அமெரிக்காவின் முதல் பெயர் அதுதான். அங்கு நேரில் நடக்கும் முதுகலைப் படிப்புகளை 2027க்குள் மூடிவிடுவதாக 2025 ஆகஸ்டில் மிடில்பரி அறிவித்தது. ஸ்பானிஷ் மேஜர் முடித்துவிட்டு ‘அடுத்து மான்டரே’ என்று திட்டமிட்டவர்களுக்கு அந்தக் கதவு இனி இல்லை.

மனிதர் தேவைப்படும் இடங்கள் இல்லாமல் இல்லை. நீதிமன்றம் ஒன்று, மருத்துவமனை இன்னொன்று. அமெரிக்காவின் 2024ஆம் ஆண்டு சுகாதார விதி, நோயாளிக்கு முக்கியமான ஆவணங்களை எந்திரம் மொழிபெயர்த்தால் தகுதியுள்ள மனித மொழிபெயர்ப்பாளர் சரிபார்த்தே ஆகவேண்டும் என்கிறது. ஆனால் இந்த இடங்களுக்குள் விடும் வாயில்காப்பாளர் ஸ்பானிஷ் துறை அல்ல. மருத்துவ உரைபெயர்ப்பாளருக்குச் சான்றளிக்கும் இரு தேசிய அமைப்புகளும் கேட்பது பதினெட்டு வயது, உயர்நிலைப் பள்ளிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, இரு மொழித் திறனுக்கு ஆதாரம், பிறகு தங்கள் தேர்வில் தேர்ச்சி. பட்டம் கட்டாயமில்லை. கூட்டாட்சி நீதிமன்றச் சான்றுக்கும் அப்படித்தான். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தேர்வு அது. இப்போது ஸ்பானிஷுக்கு மட்டுமே நடக்கிறது. எழுத்துத் தேர்வு தாண்டியபின் வாய்மொழித் தேர்வு: சாட்சி பேசப் பேசக் கூடவே பெயர்ப்பது, பேசி முடித்தபின் பெயர்ப்பது, ஆவணத்தைப் பார்த்தவுடன் வாய்விட்டுப் பெயர்ப்பது. எழுதுபவர்களில் சிறு பகுதியினரே தேறுகிறார்கள். வழக்கமான ஸ்பானிஷ் மேஜரில் இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட முறையான பயிற்சி கிடையாது.

பட்டம் கேட்காத இந்த வாயில்களில் வரிசையில் நிற்பவர்கள் யார்? வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்கள். அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆறரைக் கோடிக்கு மேல். அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். பாட்டியின் வட்டார வழக்கும் தெரியும், அலுவலக ஆங்கிலமும் தெரியும். காவல் நிலையமோ நகராட்சியோ இருமொழி ஊழியருக்குத் தரும் கூடுதல் படிக்குத் தானே ஒரு சிறு தேர்வு வைக்கும். பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்க்காது. நாலு கோடிப் பேர் பேசும் மொழி என்று தேவையை எண்ணிய அதே விரல்கள் போட்டியாளர்களையும் எண்ணியிருக்க வேண்டும்.

இனி, படிக்கும் இடத்தின் ஆயுள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1867ல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம், அம்மாநிலத்தின் தலைமை நிறுவனம். 2023 ஆகஸ்டில், 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைச் சமாளிக்க, உலக மொழிகள் துறையை முழுவதும் கலைத்துவிடலாம் என்று நிர்வாகம் முன்மொழிந்தது. மொழிப் பாடம் வேண்டுமானால் இணையச் செயலி ஒன்றோடு கூட்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை வந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியபின் ஸ்பானிஷும் சீனமும் கற்பிக்க ஐந்து ஆசிரியர் இடங்களை விட்டுவைத்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஆட்சிக் குழு வாக்களித்தது. 28 மேஜர்கள் போயின, 143 ஆசிரியர் பணியிடங்கள் போயின. மொழி மேஜர்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன, ஸ்பானிஷ் உட்பட.

இது திடீர் மின்னல் அல்ல. 2018 மார்ச்சில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகம் 13 மேஜர்களை மூட முன்மொழிந்தது. ஸ்பானிஷும் அதில் ஒன்று. ஓராண்டு கழித்து அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அதற்குள் ஆசிரியர்கள் பலர் வேறிடம் பார்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சேர்க்கை எண்களைப் பார்த்தால் நிர்வாகிகளின் மனம் புரியும். நவீன மொழிகள் சங்கத்தின் கணக்கெடுப்பில் 2009ல் அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானிஷ் வகுப்புச் சேர்க்கை சுமார் 8.6 லட்சம். 2021ல் 5.84 லட்சம். பன்னிரண்டு ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. 2016க்கும் 2021க்கும் இடையில் மட்டும் 18 விழுக்காடு சரிவு. அதே காலத்தில் கொரிய மொழி 38 விழுக்காடு ஏறியது. தொலைக்காட்சித் தொடருக்கும் பாட்டுக்கும் அவ்வளவு இழுவிசை. இப்போதும் அமெரிக்கக் கல்லூரிகளில் அதிகம் படிக்கப்படும் அயல்மொழி ஸ்பானிஷ்தான். ஆனால் அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி, கட்டாய மொழிப் பாடத்துக்காக முதல் இரண்டு செமஸ்டர் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள். கட்டாயத்தைத் தளர்த்தினால் அடித்தளம் சரியும், அடித்தளம் சரிந்தால் மேல்வகுப்பு நடத்த ஆளிருக்காது.

துறை மூடப்பட்டாலும் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பது அங்கீகார அமைப்புகளின் விதி. பட்டம் கிடைத்துவிடும். ஆனால் கடைசி இரண்டு ஆண்டில் என்ன பாடம், யார் நடத்துவார், எத்தனை விருப்பப் பாடங்கள் மிஞ்சும் என்பதற்கு விதி எதுவும் இல்லை.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் காலம் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டியலில் உள்ள பாடமானால் அதற்குமேல் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஸ்பானிஷ் அந்தப் பட்டியலில் இல்லை. கணினி அறிவியல் மேஜரோடு ஸ்பானிஷை மைனராக வைத்தவருக்குப் பாதிப்பில்லை. ஸ்பானிஷை மட்டும் மேஜராக எடுத்தவருக்கு ஓராண்டோடு கடிகாரம் நின்றுவிடும்.

அப்படியானால் யாருக்குப் பலன்? செவிலியர் படிப்பு, சமூகப் பணி, பொதுச் சுகாதாரம், ஆசிரியர் பயிற்சி, சட்டம் என ஏதாவது ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷைச் சேர்த்துக்கொள்பவருக்கு. மருந்தின் அளவை நோயாளியின் மொழியில் சொல்லத் தெரிந்த செவிலியருக்கு எந்திரமும் எளிதில் போட்டியில்லை, வெறும் மொழிப் பட்டதாரியும் போட்டியில்லை. அவருக்குக்கூட மைனர் என்ற பெயரைவிட அதற்குள் என்ன நடந்தது என்பதே முக்கியம். ஒரு செமஸ்டர் முழுக்க ஆங்கிலம் பேசாத குடும்பத்தோடு தங்கினாரா, அல்லது ஸ்பெயினின் செவில்யாவில் இருபது அமெரிக்க மாணவர்களோடு ஒரே விடுதியில் ஆங்கிலம் பேசிக்கொண்டு திரும்பினாரா என்பதில் எல்லாம் இருக்கிறது. மிடில்பரியில் 1917 முதல் நடக்கும் ஸ்பானிஷ் கோடைப் பள்ளியில் சேர்பவர்கள் அந்த வாரங்கள் முழுக்க வேறு மொழி பேசுவதில்லை என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த ஏழு வாரம் சில மைனர்களைவிடக் கனமானது என்பது என் மதிப்பீடு.

படிவத்தில் பெயர் எழுதுமுன் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு வெளி அமைப்பின் பேச்சுத் தேர்வு உண்டா, சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் உயர்நிலையை எட்டினார்கள், துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், இந்த மேஜர் எந்த மறுஆய்விலாவது இருக்கிறதா, மருத்துவம் அல்லது சட்டம் சார்ந்த ஸ்பானிஷ் பாடம் ஆண்டுதோறும் நடக்கிறதா அல்லது கையேட்டில் மட்டும் அச்சாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் ஸ்பானிஷை மைனராக மட்டும் வைத்துக்கொண்டு, மேஜர் கட்டத்தில் வேறு பாடத்தை எழுதுங்கள்.